அளவறிந்து உடுப்போம்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அதனைச் சொல்லாத வீடில்லை. ஆயினும் அதன் பொருளை எல்லாரும் ஒருபடித்தாகக் கொள்வதில்லை. விலை மிகுந்த ஆடையே மதிப்பைத் தரும் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். உள்ளம் தூயதாயின் உடை எப்படியிருந்தால் என்ன என்று மற்றொரு சாரார் வினவுகின்றனர். இளைஞர் பெரும்பாலும் முன்னவர் பக்கமும், முதியோர் பெரும்பாலும் பின்னவர் பக்கமும் நிற்கக் காண்கிறோம். இவ்விரு சாராரும் மறந்துவிடுகின்ற செய்திகள் இரண்டு உள. ஒன்று, துணியின் தரம்; மற்றொன்று, உடலுக்குப் பொருந்தும் அளவு. இவ்விரண்டையும் அறிந்து ஆடை தேர்வது ஆடம்பரமன்று. அது சிக்கனத்தின் பாற்பட்டது, கண்ணியத்தின் பாற்பட்டது என்பதே நமது கருத்து.

ஆடவர் ஆடையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் இல்லத்துப் பெண்டிர் ஒரு சேலை எடுக்கையில் முந்தியை விரித்துப் பார்ப்பர். இழையைத் தடவிப் பார்ப்பர். கடை வாயிலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பர். ஆடவரோ நிறத்தைப் பார்த்து, விலையைக் கேட்டு, பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகின்றனர். இரண்டு சலவையில் சாயம் போனபின் கடைக்காரரை நொந்துகொள்கின்றனர்.

சொல் காட்டும் உண்மை

தமிழ் பயில்வோராகிய நமக்குச் சொற்களே முதற்சான்று. துணிக்கப்படுவது துணி, அறுக்கப்படுவது அறுவை. அறுவை விற்றவர்கள் தமிழும் அறிந்திருந்தனர். சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றே பெயர் பெற்றுள்ளார். இழை ஓடும் வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஆடையைப் பொருநராற்றுப்படை பாம்பின் உரிக்கு ஒப்பிடுகின்றது. தரத்தை மெச்சும் பார்வை நமக்குப் புதியதன்று.

தையற்கலையும் அவ்வாறே. புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இளங்கோவடிகள், பொற்கொல்லரோடும் பிறரோடும் துன்னகாரரையும் சேர்த்தே எண்ணுகிறார். துன்னகாரர் என்போர் இன்றைய தையற்காரரே.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது முல்லைப்பாட்டில் வரும் ஒரு சொல். யவனர் அணிந்த சட்டையை அந்நூல் ‘மெய்ப்பை’ என்று குறிக்கிறது. மெய்யை இட்டு வைக்கும் பை என்பது அதன் பொருள். மெய்க்கு ஏற்றவாறு பை அமையவேண்டுமேயன்றிப் பைக்கு ஏற்றவாறு மெய் அமைய இயலாது. அளவு பற்றி நாம் சொல்லப்போவன யாவும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

மார்க்கம் காட்டும் நடுவழி

ஆடையைப் பற்றித் திருமறை கூறுவன நம் சிந்தனைக்குரியவை. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26-ஆம் வசனம், மறைக்க வேண்டியதை மறைப்பதும் அழகு தருவதும் ஆகிய இரு பயன்களை ஆடைக்குக் கூறி, இறையச்சம் என்னும் ஆடையே இவற்றினும் மேலானது என்று உணர்த்துகிறது. அதே அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் தொழுமிடந்தோறும் அழகிய ஆடையணியுமாறு பணித்துவிட்டு, வீண்விரயம் செய்வோரை இறைவன் நேசிப்பதில்லை என்றும் எச்சரிக்கிறது. அழகு வேண்டும், விரயம் கூடாது என்னும் இரு கட்டளைகளும் ஒரே வசனத்தில் அமைந்திருப்பது கருதத்தக்கது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இந்நடுவழியைக் காண்கிறோம். தன் உடையும் காலணியும் நன்றாக இருக்கவேண்டுமென ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று கேட்கப்பட்டபோது, இறைவன் அழகன், அழகை விரும்புகிறவன் என்று விடையளித்த அண்ணலார், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என விளக்கினார்கள். இச்செய்தி முஸ்லிம் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. ஆடவருக்குப் பட்டும் பொன்னும் விலக்கப்பட்டன. செருக்கோடு ஆடையைத் தரையில் இழுத்துச் செல்வது கண்டிக்கப்பட்டது. ஆனால் தூய, பொருந்திய, நல்ல ஆடை எவ்விடத்தும் கண்டிக்கப்படவில்லை. ஆகவே மகன் ஒருவன் நல்ல துணி கேட்டால், ‘இது என்ன பெருமை?’ என்று அவனைக் கடிந்துகொள்வதற்கு முன் பெற்றோர் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

துணியின் தரம்

சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் அண்ணலார் கையை நுழைத்துப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்தது. மேலே காய்ந்ததைக் காட்டி உள்ளே நனைந்ததை மறைத்த வணிகரிடம், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அவர்கள் கூறியதை நாம் அறிவோம். இராவுத்தர் பெருமக்கள் பின்பற்றும் ஹனஃபி நெறிக்கு மூலவரான இமாம் அபூஹனீஃபா (கி.பி. 699–767) கூஃபா நகரத்துத் துணி வணிகர். குறையுள்ள துணியொன்றை, அக்குறையை வாங்குவோரிடம் சொல்லி விற்குமாறு கூட்டாளியிடம் அவர் சொல்லியிருந்தார். கூட்டாளியோ சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியாத நிலையில், விற்ற பணம் முழுவதையும் இமாமவர்கள் தருமம் செய்துவிட்டார்கள் என்று அவர்தம் வரலாறு எழுதியோர் கூறுவர். விற்பவர்க்கு இத்தகைய நேர்மை கடமையென்றால், வாங்குபவர்க்குத் தரத்தை அறியும் அறிவும் கடமையே.

துணிக் குவியலின் ஈரம் எது? கஞ்சியே. நெருக்கமின்றி நெய்த துணிக்குக் கஞ்சியைக் கனமாக ஏற்றி மொடமொடப்பாகக் காட்டிவிடலாம். முதற் சலவையில் கஞ்சி கரைந்ததும் துணி துவண்டு வலைபோல் ஆகிவிடும். துணியின் ஒரு மூலையை இரு கைகளாலும் கசக்கித் தேய்த்துப் பார்த்தால், கஞ்சி மாவாக உதிர்வதைக் காணலாம். வெளிச்சத்தில் பிடித்தால் பாவும் ஊடையும் ஒரே சீராக, இடைவெளியின்றி ஓடுகின்றனவா என்பது தெரியும். உள்ளங்கையில் இறுகப் பிடித்து விட்டால் மடிப்பு எவ்வளவு விரைவில் தளர்கிறது என்பது விளங்கும். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தால் சாயத்தின் உறுதி வெளிப்படும். ஓரத்திலிருந்து இரண்டு இழைகளை உருவித் தீயிலிட்டால், பருத்தி தாள்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

நூலின் நம்பரையும் அறிந்துகொள்ளுதல் நன்று. ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூலாயின் ஒரு பவுண்டில் 33,600 கஜம் இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்; துணி மென்மையாகும்; விலையும் ஏறும். ஆனால் மெல்லியதெல்லாம் உழைக்கும் என்று எண்ணிவிடலாகாது. நாள்தோறும் பேருந்தில் இடிபட்டு வகுப்புக்கு வரும் மாணவனுக்கு 100-ஆம் நம்பர் நூலில் நெய்த துணியைக் காட்டிலும் 40, 60 நம்பர்களில் நெருக்கமாக நெய்த துணியே ஏற்றது. விலைச்சீட்டு தரச்சான்று ஆகாது என்பதற்கு இதுவே போதிய எடுத்துக்காட்டு.

வெப்பம் மிக்க நம் நாட்டில் பருத்தி வியர்வையை உறிஞ்சி உடலைக் காக்கும், ஆனால் சுருங்கும். பாலியெஸ்டர் சுருங்காது, உழைக்கும், ஆனால் புழுங்கும். இரண்டும் கலந்த டெரிகாட்டன் துணி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பருத்தித் துணி சுருங்காதவாறு ஆலையிலேயே பதப்படுத்தும் சான்ஃபரைஸ்டு முறைக்கு 1930-இல் காப்புரிமை பெறப்பட்டது. அவ்வாறு பதப்படுத்தப்படாத பருத்தித் துணியை ஒருமுறை நனைத்து, நிழலில் உலர்த்திய பின்னரே தைக்கக் கொடுக்கவேண்டும். இச்சிறு செயலைச் செய்யாமையால் முதற் சலவையிலேயே கழுத்து இறுகிப்போன சட்டைகள் எத்தனையோ.

தரத்தால் நம் மண்ணின் பெயர் கடல் கடந்து நின்றதையும் இங்குக் கூறலாம். பழவேற்காட்டிலிருந்து சென்ற கட்டமிட்ட துணியின் நினைவாகவே, மலாய் மக்கள் தம் கைலியை இன்றும் ‘காயின் பெலேக்கட்’ என்று வழங்குகின்றனர். துணி நன்றாயிருந்தமையால் ஊரின் பெயர் அதன் பெயராயிற்று.

அளவு என்னும் நீதி

இனி, அளவுக்கு வருவோம். இறுக்கமாக அணிவது இளைஞர் வழக்கமென்றும், தொளதொளப்பாக அணிவது பெரியோர் வழக்கமென்றும் ஆகிவிட்டது. இரண்டுமே அளவு தவறியவை. பொருந்திய ஆடையின் இலக்கணத்தைச் சுருக்கமாகக் கூறலாம்.

சட்டையின் தோள் தையல் தோள் எலும்பு முடியுமிடத்தில் இருக்கவேண்டும். கீழிறங்கினால் இரவல் சட்டை போல் தோன்றும்; மேலேறினால் கை தூக்க இயலாது. கழுத்துப் பட்டனைப் போட்டபின் இரு விரல்கள் நுழைய இடம் வேண்டும். மார்பில் பட்டன்களுக்கிடையே பட்டி வாய்பிளக்கலாகாது. முழுக்கைச் சட்டையின் கஃப் மணிக்கட்டின் எலும்பைத் தொட்டு நிற்கவேண்டும். காற்சட்டை இடைவாரின் துணையின்றியே இடுப்பில் நிற்கவேண்டும். அமர்ந்தால் தொடையில் இறுகலாகாது. நீளம் கணுக்காலைக் கடந்து தரையைப் பெருக்கலாகாது.

கண்ணாடி முன் விறைத்து நிற்கையில் எவ்வாடையும் பொருந்துவதாகவே தோன்றும். ஆடைக்கு உண்மையான உரைகல் அசைவு. நம் தொழுகையின் நிலைகளே அதற்குப் போதுமான தேர்வாகும். ஒளுச் செய்யும்போது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட முடிகிறதா? தக்பீருக்குக் கைகளை உயர்த்தும்போது தோள் பிடிக்காமல் இருக்கிறதா? ருகூவில் குனியும்போது சட்டையின் பின்புறம் மேலேறாமல் இடுப்பை மறைக்கிறதா? ஸஜ்தாவிலும் இருப்பிலும் முழங்காலும் தொடையும் தடையின்றி மடங்குகின்றனவா? இவை அனைத்திற்கும் ‘ஆம்’ என்று விடை வருமாயின் அதுவே சரியான அளவு. பிற சமயத்து மாணவ நண்பர்களும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழுந்து இத்தேர்வைச் செய்து பார்க்கலாம்.

பின் வரிசையில் தொழுவோர் கண் கூசும் அளவுக்குக் குறுகிய சட்டையும் தாழ்ந்த இடுப்புக் காற்சட்டையும் அணிந்து வரும் இளைஞரைப் பள்ளிவாசலில் பெரியோர் கடிந்துகொள்கின்றனர். கடிவதில் தவறில்லை. ஆனால் அவ்விளைஞர் கடையில் கிடைத்ததை வாங்கியவர். அளவு சொல்லிக்கொடுக்க அவருக்கு எவரும் இருந்ததில்லை. கடிந்துரைக்கும் நாவு கற்பிக்கவும் முன்வரவேண்டும்.

ஆயத்த ஆடையும் தையற்கடையும்

ஆயத்த ஆடைகளின் அளவுமுறை போரில் வளர்ந்தது. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான வீரர்களுக்குச் சீருடை தைக்கவேண்டியிருந்தது. அதற்கெனத் தொகுத்த உடலளவுகளே பின்னர் ஆடவர்க்கான பொது அளவுகள் உருவாக வழி செய்தன. அயல்நாட்டார் உடலை வைத்து வகுத்த அளவுகள் நமக்குப் பொருந்தாமை இயல்பே. இந்தியருக்கெனத் தனி அளவுப் பட்டியல் காணும் நோக்கில் 6 நகரங்களில் 25,000 பேரை அளக்கும் திட்டத்தை நிஃப்ட் எனப்படும் ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்டதும் இக்குறையை நீக்கவே.

இன்று நாம் கடையில் காணும் எண்களும் ஒரு பொருளைக் குறிப்பனவல்ல. 40 என்று ஒரு நிறுவனம் குறிப்பது கழுத்தின் சென்டிமீட்டர். மற்றொன்று குறிப்பது மார்பின் அங்குலம். எனவே சீட்டிலுள்ள எண்ணை நம்பாது, அணிந்து பார்த்தே வாங்குதல் வேண்டும். அதற்கு வாய்ப்பில்லையெனில், நமக்கு நன்கு பொருந்தும் பழைய சட்டையொன்றைத் தரையில் விரித்து அளந்து, அந்த அளவோடு ஒப்பிட்டு வாங்கலாம். தோள் பொருந்துவதையே முதலில் பார்க்கவேண்டும். ஏனெனில் தோளைத் திருத்துவது கடினம். கையின் நீளத்தையும் பக்கவாட்டுத் தொளதொளப்பையும் தெருமுனைத் தையற்காரர் சிறு கூலிக்குச் சரிசெய்துவிடுவார்.

அத்தெருமுனைத் தையற்காரரை நாம் மறந்து வருகிறோம் என்பதே வருத்தத்திற்குரியது. ஒரு தோள் தாழ்ந்தவர், கூன் விழுந்தவர், வயிறு பெருத்தவர், ஒரு கால் குறுகியவர் என எவர் வந்தாலும் அவரவர் உடலை அளந்து, அக்குறை வெளித்தெரியாமல் வெட்டித் தருபவர் அவர். அவர் கையிலுள்ள அளவு நோட்டு ஒரு மஹல்லாவின் மூன்று தலைமுறையை அறியும். நல்ல தையற்காரரிடம் நாம் பார்க்கவேண்டியன சில உள: கட்டங்களும் கோடுகளும் சட்டைப் பையிலும் பட்டியிலும் ஒன்றோடொன்று சேர்கின்றனவா? தையல் நெருக்கமாக, அங்குலத்திற்குப் பத்துப் பன்னிரண்டு எனச் சீராக ஓடுகிறதா? காஜா பிசிறின்றி இருக்கிறதா? பின்னாளில் பிரித்து விரிக்கும்படி உள்ளே துணி விடப்பட்டுள்ளதா? நாமும் நம் கடமையைச் செய்யவேண்டும். பெருநாளுக்கு மூன்று நாள் முன்னர் துணியைக் கொடுத்துவிட்டு அவசரப்படுத்தினால், எத்துணைத் தேர்ந்த கையும் தடுமாறும். ரமழானுக்கு முன்னரே கொடுத்து, ஒருமுறை அணிந்து பார்த்துத் திருத்திக்கொள்ளுதலே முறை.

சிக்கனத்தின் கணக்கு

நல்ல துணிக்கும் தையலுக்கும் பணம் வேண்டுமே என்று மாணவர் கேட்கலாம். ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். 400 ரூபாய்ச் சட்டையொன்று 40 சலவைகள் தாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒருமுறை அணிய 10 ரூபாய் ஆகிறது. துணியும் கூலியும் சேர்த்து 900 ரூபாயில் முடிந்த சட்டை 150 சலவைகள் தாங்குமாயின், ஒருமுறை அணிய 6 ரூபாயே ஆகிறது. மலிவு எது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். பொருந்தாத சட்டையின் கணக்கோ இன்னும் கொடியது. இரண்டு முறை அணிந்து பெட்டியடியில் போட்ட சட்டைக்கு விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் அது விரயமே. ஆறு மலிவுச் சட்டைகளுக்குப் பதிலாக மூன்று நல்ல சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, மாற்றி மாற்றி அணியும் மாணவன் சிக்கனமாகவும் செம்மையாகவும் விளங்குவான்.

வேலைவாய்ப்புத் தேர்வுக்குச் செல்லும் நாளில் நண்பனிடம் இரவல் பெற்ற சட்டையை அணிந்து செல்வோர் நம் மாணவருள் பலர். கை நீளம், தோள் தொங்கல், கழுத்து அகலம். கேள்வி கேட்கப்படும்போதெல்லாம் கை சட்டையை இழுத்துவிடுகிறது. கருத்து விடையில் நிற்பதில்லை. மூன்றாண்டுப் படிப்பின் பயனை ஒரு சட்டையின் அளவு கெடுக்க நாம் இடம் கொடுக்கலாமா? இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் தம் அளவில் தைத்த ஒரு சட்டையும் ஒரு காற்சட்டையும் இருத்தல் வேண்டும். 58 அங்குலப் பன்னாவாயின் நடுத்தர உடலினர் சட்டைக்கு ஏறக்குறைய 1.6 மீட்டரும், காற்சட்டைக்கு 1.2 மீட்டரும் போதும். வசதியற்ற மாணவர்க்கு இதனை வழங்க முன்னாள் மாணவர்கள் முன்வருவார்களாயின் அது சிறந்த அறமாகும்.

கொடையிலும் அளவு வேண்டும்

இறுதியாக, சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ரமழானில் செல்வர் பலர் ஏழைகளுக்கு ஆடை வழங்குகின்றனர். நன்மையான செயலே அது. ஆயினும் ‘தருமத்திற்கு’ என்று சொல்லிக் கேட்டவுடன் கடைக்காரர் எடுத்துப் போடுவது எந்த அடுக்கை? கஞ்சி ஏற்றிய துணியும், ஒரே அளவில் தைத்துக் குவித்த சட்டையுமே அங்குக் கட்டுக்கட்டாக இருக்கும். பத்து வயதுச் சிறுவனுக்குப் பதினான்கு வயதுச் சட்டை. பெருத்த உடலினர்க்குச் சிறுத்த சட்டை. பெருநாள் காலையில் அதனை அணிந்து வரும் சிறுவனைப் பார்த்தவுடனேயே அது தருமச் சட்டை என்று தெருவே அறிந்துகொள்கிறது. ஏழ்மையை மறைக்க வேண்டிய ஆடை ஏழ்மையை அறிவிக்கும் முரசாகிவிடுகிறது.

நமக்குக் கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்க மனம் வராத பொருளைத் தருமத்திற்கெனத் தேட வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. அளவில் குறைப்போரைக் கண்டிக்கத் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே தொடங்குகிறது. நிறுத்தல் அளத்தலைப் பற்றிய அக்கண்டனத்தைப் படிக்கையில், ஏழையின் தோளை அளவாமல் கொடுக்கும் நம் வழக்கத்தையும் எண்ணிப் பார்த்தால் என்ன?

இதற்கு வழி எளிது. ஆயத்தச் சட்டைகளை மொத்தமாக வாங்குவதற்கு மாற்றாக, நல்ல துணியை மொத்தமாக வாங்கி, மஹல்லாவிலுள்ள தையற்காரரிடம் ஒப்படைத்துக் கூலியையும் முன்னரே செலுத்திவிடலாம். பெறுவோரிடம் ஒரு சீட்டைக் கொடுத்தால், அவர் ரமழானுக்கு முந்திய ஷஅபான் மாதத்திலேயே கடைக்குச் சென்று, பிறரைப் போலவே நிமிர்ந்து நின்று அளவு கொடுத்து வருவார். அதே தொகையில் சிலருக்குக் குறைவாகக் கொடுக்க நேரிடலாம். ஆயின் அவ்வாடை அடுத்த பெருநாள் வரை உழைக்கும். தையற்காரர்க்கும் வேலை கிடைக்கும். பெறுபவர் யார், விலை கொடுத்துத் தைத்தவர் யார் என்று பெருநாள் திடலில் எவருக்கும் தெரியாது.

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் (1896–1972) அவர்களை எளிமையின் உருவமாகப் போற்றுகிறோம். எளிமை வேறு, அலட்சியம் வேறு. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று சொன்ன நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். மாணவர்கள் விலையைப் பாராது தரத்தைப் பார்ப்பார்களாக. பெரியோர்கள் இறுக்கத்தைக் கடிவதோடு அளவையும் கற்பிப்பார்களாக. செல்வர்கள் தமக்கு அளந்து தைப்பது போலவே ஏழைக்கும் அளந்து தைத்துக் கொடுப்பார்களாக. வருகின்ற பெருநாளிலேயே ஒவ்வொரு ஜமாஅத்தும் இதனைத் தொடங்கிவைக்க வேண்டுமென்பது நமது அவா.